தின்பதற்கு முன்பே செரித்த வைக்கோல்

நான் வேலை பார்த்த கால்நடைத் தீவன ஆய்வுக்கூடத்திலிருந்து போன மாதம் இரண்டு பெண்கள் ஒதியம்பட்டில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு என்னுடைய இனிய நினைவுகள் வேண்டுமாம். காபி குடித்துக்கொண்டே ஆய்வுக்கூடத்தின் இன்றைய நிலவரம் சொன்னார்கள். மாட்டின் வயிற்றில் நைலான் பை போட்டுப் பார்க்கும் வேலை நின்றுவிட்டது. புதுக் கருவி வந்திருக்கிறது. வைக்கோலைப் பொடித்து ஒரு கிண்ணத்தில் வைத்தால், அது ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு செரிக்கும் என்று ஒரு நிமிடத்தில் எண்ணாகச் சொல்லிவிடும். அந்தக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க எங்கள் பழைய பதிவேடுகளைத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

"எல்லாப் பதிவேடுமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் மேடம். அதுலயும் நீங்க எழுதினதுதான் ரொம்ப சுத்தமா இருந்துச்சு" என்றாள் ஒருத்தி.

அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெள்ள வருடத்துப் பதிவேட்டில் பாகூர் வைக்கோல் ஐந்துக்கும் உரிய வரிகளை நீக்கிவிடுங்கள், அவை பொய் என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஆகவே மலருக்கு இதை எழுதுகிறேன். இனிய நினைவுகள் வேறு யாரிடமாவது கிடைக்கும்.

இந்த வேலைக்கு வரும் முன் புதுச்சேரியில் ஒரு நாளிதழில் இரண்டு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். அச்சானதைக் கையெழுத்துப் பிரதியோடு விரல் வைத்து ஒப்பிடும் வேலை. பிறகு பரீட்சை எழுதி ஆய்வுக்கூட உதவியாளர் ஆனேன். பயிற்சி என்று ஆறு மாதம் சாணம் எடைபோட்டேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களிடம் வயிற்றில் ஜன்னல் வைத்த மாடுகள் மூன்று இருந்தன. இடது விலாவுக்குப் பின்னால் அறுவை செய்து, பெருவயிற்றுக்குள் போகும்படி ஒரு ரப்பர் வளையம் பொருத்தி, மூடி போட்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்து தோள் வரை கை விடலாம். உள்ளே சூடாக இருக்கும்.

வைக்கோலைக் காயவைத்து, அரைத்து, ஐந்து கிராம் எடைபோட்டு, உள்ளங்கை அகல நைலான் பையில் கட்டுவோம். அந்தத் துணியின் கண்கள் மிக நுண்ணியவை. வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளே போகும், வைக்கோல் வெளியே வராது. பைகளைச் சங்கிலியில் கோத்து ஜன்னல் வழியாகப் பெருவயிற்றுக்குள் இறக்குவோம். மூன்றாம் மணி, ஆறாம் மணி, பன்னிரண்டாம் மணி என்று தொடங்கி நான்கு நாள் வரை, குறித்த நேரத்தில் குறித்த பையை எடுக்க வேண்டும். எடுத்ததைக் குழாயடியில் பிசைந்து, வடியும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பிறகு உலர்த்தி, மருந்து நீரில் கொதிக்கவைத்தால் நார் மட்டும் மிஞ்சும். அதை எடைபோட வேண்டும். எடைபோட்டதை மின் உலையில், நாங்கள் ஃபர்னஸ் என்போம், எரித்துச் சாம்பலை எடைபோட்டுக் கழிக்க வேண்டும். எரிந்துபோனதுதான் நார். எரியாமல் கிடப்பது மண். இந்தக் கழித்தல் இல்லாவிட்டால் மண்ணையும் நார் என்று எழுதிவிடுவோம்.

இன்னொரு பை உண்டு. அது மாட்டுக்குள் போகவே போகாது. அதற்குப் பூஜ்ய மணிப் பை என்று பெயர். மற்றதைப் போலவே அலசி எடைபோடுவோம். மாட்டின் வேலை எது, குழாயின் வேலை எது என்று பிரித்துக் காட்டுவது அந்தப் பைதான்.

இந்த எடைகள் கணினிக்குப் போகும். கணினி அவற்றின் வழியாக ஒரு வளைகோடு போட்டு மூன்று எண் தரும். நார் கரையத் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, தொடங்கிய பின் எந்த வேகத்தில் கரைகிறது, எவ்வளவு காலம் போனாலும் கரையாமல் கிடப்பது எவ்வளவு. நார் காத்திருந்தே ஆகும். நுண்ணுயிர் அதன்மேல் ஒட்டிக் குடியேற நேரம் வேண்டும். காத்திராத நாரை நான் அதுவரை பார்த்ததில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் இராமபத்திரன். எங்கள் துறைத் தலைவர். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, பையை எந்த அளவு பிசைய வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. கடைநிலை ஊழியர் உட்பட எல்லோரையும் 'நீங்க' என்பார். காதில் ஒரு பென்சில் இருக்கும். யாராவது ஆட்சேபம் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, "நல்ல சந்தேகம். எழுதி வையுங்க. பார்ப்போம்" என்பார். சொன்னவர் கௌரவத்தோடு வெளியே வருவார். அந்தப் 'பார்ப்போம்' பார்க்கப்பட்டதே இல்லை என்று எனக்குத் தெரியப் பல வருடம் ஆனது. கத்துகிற அதிகாரியோடு சண்டை போடலாம். இவரோடு முடியாது.

அந்த வருடம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கம் வயலெல்லாம் மூழ்கியது. வடிந்த பிறகு மிஞ்சிய வைக்கோலை மக்கள் வெயிலில் உலர்த்திப் போராக ஏற்றினார்கள். வேறு தீவனம் கிடையாது. இதை மாட்டுக்குப் போடலாமா, போட்டால் தவிடும் புண்ணாக்கும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அரசுத் தரப்பில் எங்களிடம் கேட்டார்கள். ஒரு மாதத்தில் பதில் வேண்டும் என்றார்கள்.

ஐந்து போர்களிலிருந்து வைக்கோல் எடுத்து வர நான் ஜீப்பில் போனேன். ஐந்தாவது போர் பாகூர் ஏரிக்குக் கீழே ஒரு கிராமத்தில் அஞ்சலையுடையது. நாற்பது வயதிருக்கும். நடவு வேலைக்குப் போகிறவள். சொந்தமாக ஒரே ஒரு கலப்பின மாடு, அப்போது ஆறு மாதச் சினை. நான் வைக்கோலை உருவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்த போட்லாமா மேடம், வேணாமா? ஒண்ணு சொல்லிட்டுப் போங்க."

சோதனை முடியட்டும், சொல்கிறோம் என்றேன்.

"சோதன முடியறவரைக்கும் மாடு இன்னா வாய மூடிக்கினா நிக்கும்?" என்றாள். ஜீப் ஓட்டுநர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஐந்து வைக்கோலையும் அலசியபோது வடிந்த தண்ணீர் தெளியவே இல்லை. வழக்கமாக ஆறேழு முறை பிசைந்தால் போதும். இது இருபது தடவைக்கு மேலும் டீ நிறத்தில் வந்தது. அலசிய வாளியின் அடியில் வழவழவென்று வண்டல் படிந்திருந்தது. பூஜ்ய மணிப் பை, மாட்டையே பார்க்காத பை, கையில் எடுக்கும்போதே லேசாக இருந்தது.

ஃபர்னஸ் அப்போது கெட்டுக் கிடந்தது. உள்ளே சூடேற்றும் சுருள் எரிந்துபோய், புதிது கேட்டு எழுதிய கோப்பு எங்கோ ஒரு மேசையில் இருந்தது. சாம்பல் கழிக்க வழியில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். யோசித்தார். போன வருடம் செய்த நல்ல வைக்கோலின் சாம்பல் எண் இருக்கிறதே, அதையே இந்த ஐந்துக்கும் போட்டுக்கொள்ளலாம் என்றார். வைக்கோல் வைக்கோல்தானே, பெரிய வித்தியாசம் இருக்காது என்றார். வண்டல் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார்.

பதிவேட்டில் சாம்பல் என்ற பத்தியில் நான் பார்க்காத எண்ணை ஐந்து இடத்தில் என் கையால் எழுதினேன். சுத்தமாக எழுதினேன். அந்தப் பெண் பாராட்டியது அந்தக் கையெழுத்தைத்தான்.

கணக்கைக் கணினியில் ஓட்டியவர் சுதாகர். புள்ளியியலில் முனைவர் பட்டம், ஒப்பந்தப் பணி, வில்லியனூர்க்காரர். இரண்டு நாளில் டாக்டர் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், அஞ்சுலயும் காத்திருப்பு நேரம் மைனஸ்ல வருது."

அப்படியென்றால் என்ன என்று அறையிலிருந்த இன்னொருவர் கேட்டார்.

"மாடு தின்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வைக்கோல் செரிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் சுதாகர்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் மென்மையாகச் சிரித்தார். மாட்டுக்கு அவ்வளவு பசி போலிருக்கிறது என்றார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, காத்திருப்பு நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று நிரலில் ஒரு நிபந்தனை போடச் சொன்னார். அப்படிச் செய்வது தப்பே இல்லை, எல்லோரும் செய்வதுதான் என்று சுதாகர் பின்னால் என்னிடம் சொன்னார். நிஜம்தான். ஆனால் அந்த மைனஸ் ஒரு வாக்குமூலம். மாட்டுக்குள் போகாத பூஜ்ய மணிப் பையிலேயே எடை குறைந்திருந்ததால் வந்தது. குழாய்த் தண்ணீரில் போன மண்ணை மாடு செரித்ததாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஐந்து முறை சொன்னது. நாங்கள் அதன் வாயை மூடினோம். மூடியதும் கணினி அந்த இழப்பையெல்லாம் வேகத்தில் ஏற்றியது. வெள்ளத்தில் மூழ்கிய வைக்கோல் நல்ல வைக்கோலைவிட வேகமாகச் செரிக்கிறது என்ற முடிவு வந்தது. வளைகோடு புள்ளிகளோடு அழகாகப் பொருந்தியது.

மறு வாரம் துண்டறிக்கை அச்சானது. வெள்ள வைக்கோலைத் தாராளமாகப் போடலாம்; பால் வற்றிய சினை மாடுகளுக்குத் தவிடு, புண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம்.

எனக்கு நிம்மதியில்லை. அலசாத வைக்கோலில் மிச்சம் வைத்திருந்தேன். மூடி போட்ட பீங்கான் கிண்ணங்களில் நல்ல வைக்கோலையும் அஞ்சலையின் வைக்கோலையும் எடைபோட்டு எடுத்துக்கொண்டு வில்லியனூரில் சூளை வைத்திருக்கும் முனுசாமியிடம் போனேன். அவர் மண் பொம்மை, தொட்டி செய்கிறவர். சூளையில் ஒரு ஓரத்தில் இவற்றை வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா மேடம், வைக்கோல வேக வெக்கவா எங்கிட்ட வந்தீங்கோ?"

வெந்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"சாம்பலுதான் மிஞ்சும். இத கண்டுபுடிக்க ஒரு ஆபீசா?" என்றார். ஆனாலும் கிண்ணங்களைத் தொட்டிகளுக்கு நடுவே, தூசி விழாதபடி ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி, பத்திரமாக வைத்தார்.

மூன்றாம் நாள் போய்த் திறந்தோம். நல்ல வைக்கோல் இருந்த கிண்ணத்தில் வெளுத்த சாம்பல், ஊதினால் பறக்கும். மற்றதில் அதற்குப் பல மடங்கு, செங்கல் நிறத்தில் இருந்தது. முனுசாமி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் நெருடினார்.

"இது சாம்பல் இல்ல மேடம். மண்ணு. வெந்துடுச்சி பாருங்க."

அந்தக் கிண்ணத்தை டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தார். பென்சில் முனையால் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"சூளை ஒரு அங்கீகரிக்கப்பட்ட முறை இல்லையே, திலகவதி."

துண்டறிக்கை கிராமத்தில் போய்க்கொண்டிருக்கிறது சார் என்றேன்.

"ஃபர்னஸ் வரட்டும். முறைப்படி பண்ணுவோம். பார்ப்போம்."

அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண் எதுவும் தராவிட்டால் மக்கள் வைக்கோலைக் கொளுத்திவிட்டு மாட்டை விற்றிருப்பார்கள், அதனால்தான் அவசரப்பட்டார் என்கிறார்கள். நான் சூளைக்குப் போகும்வரை அது சரி. சிவந்த கிண்ணம் மேசைக்கு வந்த பிறகு அந்த நியாயம் செல்லாது.

எனக்கும் செல்லாது. பாகூருக்கு ஒரே பஸ். ஏறிப் போய் அஞ்சலையிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஃபர்னஸ் வரட்டும் என்று நானும் இருந்தேன். ஏழு வாரம் இருந்தேன். வருடக்கணக்காக அவரிடம் வேலை பார்த்ததில் அந்தப் 'பார்ப்போம்' எனக்கும் தொற்றியிருந்தது.

எட்டாவது வாரம் பாகூர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவர் போன் செய்தார். நாங்கள் வைக்கோல் எடுத்த ஒரு வீட்டில் மாடு கன்று போட்டு இரண்டு நாளாக எழவில்லை, வந்து பாருங்கள் என்றார். போனேன். கால்சியம் ஏற்றியிருந்தார்கள். மாடு தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். அஞ்சலை துண்டறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். படிக்கத் தெரிந்தவள். பாதியாகக் குறைக்கலாம் என்ற வரியில் விரலை வைத்தாள்.

"நீங்க போட்ட மாரியேதான் குடுத்தேன் மேடம். அந்தப் பாதில ஒரு பிடி கூடக் கொறைக்கல."

ஆறாம் நாள் மாடு செத்தது. கன்று பிழைத்தது. மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இரைப்பையின் அடியிலிருந்து நான்கு கை நிறைய வண்டல் எடுத்து ஒரு தகரத் தட்டில் வைத்தார். அது ஒன்றே காரணம் என்று அவர் எழுதவில்லை. சத்துக் குறைவு, ஈன்ற களைப்பு, வண்டல் மூன்றையும் எழுதினார். அவர் எழுதியதையே நானும் எழுதுகிறேன்.

தட்டைக் கழுவி வைத்த பிறகு அஞ்சலையிடம் நடந்ததைச் சொன்னேன். வைக்கோலில் இருந்த மண்ணைக் கழிக்கவில்லை, கழித்ததாக எண் போட்டது என் கைதான், தப்பு என்று எனக்கு ஏழு வாரம் முன்பே தெரியும் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்றாள். "எம் மாடு போயிடுச்சி. இந்தத் தெருவுல இன்னும் பதினோரு வூட்ல இதே நோட்டீசப் பாத்துப் போட்டுக்கினு இருக்காங்கோ. அவங்களாண்ட சொல்லுங்க."

மறுநாள் டாக்டரிடம் போய்த் துண்டறிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னேன். முதன்முறையாக அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"ஒரு மாட்டை வைத்து முடிவு பண்ண முடியாது, திலகவதி. ஒரு மாடு ஒரு புள்ளிகூட இல்லை."

எங்கள் ஆய்வு முழுவதும் மூன்று மாடுகளின் மேல் நின்றது. அதைச் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த கோப்பைத் திறந்தார்.

அதன் பிறகு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் பால் ஊற்றும் நேரத்துக்குப் பாகூர்ப் பக்கத்துச் சொசைட்டிகளுக்குப் போனேன். நான்கு நாள், நான்கு கிராமம். அலுவல் ரகசியத்தை வெளியிட்டதாக மெமோ வந்தது. பதிலோடு முனுசாமியின் சூளையில் வெந்த மண்ணை ஒரு காகிதத்தில் மடித்து இணைத்தேன். மேல் நடவடிக்கை இல்லை, கோப்பு மூடப்பட்டது. புதுச் சுருள் வந்து ஃபர்னஸில் முறைப்படி எரித்தபோது சூளை சொன்னதையே அதுவும் சொன்னது. அந்தத் தாளை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். துண்டறிக்கை இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. அவருடைய ஆய்வுக் கட்டுரை அதே எண்களோடு வெளிவந்தது. கடைசியில், கவனமான ஆய்வுக்கூட உதவிக்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

நான்காவது நாள் அஞ்சலையின் கிராமம். முப்பது பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். முதல் மூன்று ஊரில் சொன்னதையே சொன்னேன். வெள்ள வைக்கோலை உதறி, இரண்டு தண்ணீரில் அலசி, உலர்த்திப் போடுங்கள். தவிடு, புண்ணாக்கைக் குறைக்காதீர்கள். சினை மாட்டுக்குக் குறைக்கவே குறைக்காதீர்கள். துண்டறிக்கை தப்பு.

"போன மாசம் போடுன்ற, இந்த மாசம் போடாதன்ற. அடுத்த மாசம் இன்னா சொல்லுவ?" என்றார் முன்னால் நின்ற ஒருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர், கவர்மெண்டுக்காரங்க பேச்சே இப்படித்தான் என்று கேனை நகர்த்தினார். பால் அளப்பவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசை என்னைத் தாண்டி நகரத் தொடங்கியது.

அஞ்சலை அங்கே வர வேண்டிய வேலையே இல்லை. ஊற்றப் பால் இல்லை. வெறுங்கையோடு வரிசையின் கடைசியில், சுவர் ஓரமாக நின்றிருந்தாள். நான் அப்போதுதான் பார்த்தேன்.

"கொஞ்சம் நில்லுங்கப்பா" என்றாள். பால் அளப்பவர் கையை நிறுத்தினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல மேடம். தப்பு யாரு பண்ணாங்க, எங்க பண்ணாங்க, மொதல்லேர்ந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.